ஓடிபி-யை யாரிடமும் சொல்லாதே என்றால் மட்டும் போதுமா? வங்கியாளர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாநில அளவிலான வங்கியாளர் குழு உறுப்பினர்களுக்கும், இந்த மாநிலத்தில் கிளை நடத்தும் வங்கிகளின் மண்டல மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

"ஓடிபி-யை யாரிடமும் சொல்லாதீர்கள்." கிளைச் சுவரிலும் ஏடிஎம் திரையிலும் நீங்கள் இதை எழுதி வைத்திருக்கிறீர்கள். பிப்ரவரியில் நடக்கும் நிதிக் கல்வி வாரத்தில் ஊர் ஊராகப் போய்ச் சொல்கிறீர்கள். அதற்குப் பலன் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். "மேனேஜர் பேசுறேன், உங்க கார்டு பிளாக் ஆயிடுச்சு" என்று போன் வந்தால், எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆலைக்குப் போகும் பெண்கள்கூட இப்போது பேசாமல் வைத்துவிடுகிறார்கள்.

ஆனால் ஆன்லைனில் பொருள் வாங்கப் போய்ப் பணத்தை இழப்பவர்கள் யாரிடமும் எதையும் சொல்வதில்லை. பக்கத்தில் கேட்ட கட்டத்தில் எண்ணை இடுகிறார்கள், அவ்வளவுதான். ஒழுங்கான கடையில் வாங்கினாலும் அதைத்தானே செய்ய வேண்டும்? நீங்கள் சொல்லிக்கொடுத்த பாடம் அந்த இடத்தில் அவர்களுக்கு உதவவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் கோவில்பட்டியில் ஒரு பிரவுசிங், ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். ஆதார் நகல் எடுக்கவும், ஈபி பில் கட்டவும், பரீட்சை ரிசல்ட் பார்க்கவும் வருகிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். பணம் போன பிறகும் முதலில் என்னிடம்தான் வருகிறார்கள். "அக்கா, இந்த மெசேஜ் என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்" என்று போனை நீட்டுகிறார்கள். அப்படி நான் பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், மற்றதெல்லாம் கிட்டத்தட்ட இதே கதைதான். தீபாவளிக்கு முன்னால் ஒரு பெண் தன் போனில் விளம்பரம் ஒன்றைப் பார்க்கிறார். மூன்று சேலை 499 ரூபாய். படம் அழகாக இருக்கிறது. கீழே "இன்னும் 12 நிமிடம் மட்டுமே" என்று கடிகாரம் ஓடுகிறது. பெயர், முகவரி எல்லாம் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் காசு கொடுக்கிறேன் என்றால் அந்த வசதி இல்லையாம், கார்டு மட்டும்தானாம். டெபிட் கார்டின் 16 இலக்க எண், காலாவதி மாதம், பின்னால் இருக்கும் மூன்று இலக்கச் சிவிவி எண் ஆகிய மூன்றையும் இட்டார். அடுத்த பக்கத்தில் வங்கியின் சின்னத்தோடு "ஓடிபி இடவும்" என்று வந்தது. போனில் ஆறு இலக்க எண் வந்தது, இட்டார். கணக்கிலிருந்து 18,900 ரூபாய் போய்விட்டது.

என் கடைக்கு வந்து அந்தப் போனைக் கொடுத்தபோது ஓடிபி செய்தி அழியாமல் இருந்தது. திறந்து படித்தேன். எல்லாம் ஆங்கிலம். முதலில் வணக்கம், பிறகு ஓடிபி எண், அதற்கப்புறம் கார்டின் கடைசி நான்கு இலக்கம், அதற்கும் கீழே தொகை 18,900, கடைசியில் ஏதோ ஒரு வாலட் (போனிலேயே பணம் போட்டு வைத்துச் செலவழிக்கும் கணக்கு) நிறுவனத்தின் பெயர். சேலைக் கடையின் பெயரே அதில் இல்லை. அதாவது, உண்மை முழுவதும் அந்தச் செய்தியில் இருந்தது. ஆனால் அவருக்குத் தெரியாத மொழியில், அவர் கண் போகாத இடத்தில் இருந்தது.

நடந்தது என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பொதுமக்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். சேலைப் பக்கம் வெறும் முகப்பு. இந்தப் பெண் இடும் கார்டு விவரம் அந்த நிமிடமே இன்னொரு ஆள் கையில் கிடைக்கிறது. அவர் அதை வேறொரு உண்மையான தளத்தில் இட்டு, பெரிய தொகைக்கு வாலட்டையோ பரிசுக் கூப்பனையோ வாங்கப் பார்க்கிறார். அதற்காக வங்கி அனுப்பும் ஓடிபி இந்தப் பெண்ணின் போனுக்கு வருகிறது. 499 ரூபாய்க்கான ஓடிபி என்று நம்பி அவர் அதைப் போலிப் பக்கத்தில் இட்டதும் வேலை முடிந்துவிடுகிறது. இதில் அவர் யாரிடம் ஓடிபி சொன்னார்?

ஆங்கிலம் தெரிந்தவர்கள் தப்பிவிடுகிறார்களா என்றால், அதுவும் இல்லை. இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களில் ஓடிபி வந்தால் மேலே சின்னதாக ஒரு அறிவிப்பு விழுகிறது. அதில் பெரும்பாலும் முதல் வரி மட்டும்தான் தெரியும். எண்ணை நகலெடுக்கப் பக்கத்திலேயே ஒரு பொத்தானும் இருக்கும். தொகை இருக்கிற இரண்டாவது, மூன்றாவது வரியைச் செய்தியைத் திறந்தால்தான் பார்க்க முடியும். அவசரத்தில் யார் திறப்பார்கள்? கல்லூரி முடித்த பிள்ளைகளே அந்தப் பொத்தானைத் தட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள்.

ஆகவே என் முதல் கோரிக்கை இது. ஓடிபி செய்தியின் வரிசையை மாற்றுங்கள். தொகை முதலில் வரட்டும், கடைப் பெயர் அடுத்து வரட்டும், எண் கடைசியில் வரட்டும். தமிழில் வேண்டும் என்று கேட்கிற வாடிக்கையாளருக்குத் தமிழில் வரட்டும். பணம் கட்டும் சீட்டிலும் எடுக்கும் சீட்டிலும் தமிழ் இருக்கிறது. ஏடிஎம்மில் கார்டைச் சொருகினால் தமிழ் வேண்டுமா என்று கேட்கிறது. மக்கள் பணத்தை இழக்கிற அந்த ஒரு நிமிடத்தில் வரும் செய்தி மட்டும், என் கடைக்கு வந்த போன்களில் நான் பார்த்தவரை, ஆங்கிலத்தில்தான் இருக்கிறது.

உங்கள் பதில் என்னவாக இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்து கொள்ளும், தமிழில் 70 தான் கொள்ளும், ஒரு செய்தி இரண்டு மூன்றாகப் பிரிந்து செலவு கூடும். உண்மைதான். ஆனால் பல வங்கிகள் எஸ்எம்எஸ் கட்டணம் என்று எங்கள் கணக்கிலிருந்து பணம் பிடிக்கத்தானே செய்கின்றன? வணக்கமும் நன்றியும் இல்லாமல் சுருக்கமாக எழுதினால் செய்தியும் நீளாது. தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் நீங்கள் முன்கூட்டியே பதிவு செய்யும் செய்தி வாசகங்களை மாநில மொழியிலும் பதிவு செய்ய இடம் இருக்கிறது. ஆக, தடையாக நிற்பது செலவு ஒன்றுதான். அந்தச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அடுத்தது, பணம் போன பிறகு நடப்பது. இதில்தான் எனக்கு வருத்தம் அதிகம்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வாடிக்கையாளர் அனுமதி இல்லாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனைகளில் யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்று அது சொல்கிறது. தவறு வங்கியுடையது என்றால் முழு நட்டமும் வங்கிக்கு. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, வேறெங்கோ நடந்தது என்றால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு ஒரு பைசாகூட நட்டம் கிடையாது. நான்கிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் தெரிவித்தால் நட்டத்துக்கு உச்சவரம்பு உண்டு: குறைந்தபட்ச இருப்பு கேட்காத அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய், மற்ற சேமிப்புக் கணக்குகளுக்கும் 5 லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுகளுக்கும் 10,000 ரூபாய். தெரிவித்த பத்து வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் திரும்ப வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் புகாரை முடிக்க வேண்டும். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமை வங்கியுடையது. இத்தனையும் அதில் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. பணம் போனதைச் சொல்லும் எஸ்எம்எஸ்-க்கு வாடிக்கையாளர் அங்கேயே பதில் அனுப்பி ஆட்சேபம் தெரிவிக்க வழி செய்ய வேண்டும், அதற்காக அவரை வலைப்பக்கத்தையோ மின்னஞ்சல் முகவரியையோ தேட விடக்கூடாது என்று அந்தச் சுற்றறிக்கை சொல்கிறது. நான் பார்த்த போன்களில் அந்தச் செய்திகளுக்குப் பதில் எழுதப் போனால், இந்த அனுப்புநருக்குப் பதில் அனுப்ப முடியாது என்றுதான் வருகிறது. வேறொரு எண்ணுக்குக் குறிப்பிட்ட ஆங்கிலச் சொல்லை, இடைவெளி விட்டு, கார்டின் கடைசி நான்கு இலக்கத்தோடு அனுப்பு என்று சில வங்கிகள் எழுதுகின்றன. கை நடுங்கிக்கொண்டு இருக்கிற ஒருவர் அதைச் சரியாகச் செய்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

சரி, போன் செய்யலாம் என்றால் அது இன்னும் சிரமம். மொழியைத் தேர்ந்தெடு, பிறகு கணக்கா, கார்டா, கடனா என்று தேர்ந்தெடு, பிறகு கார்டின் முழு எண்ணை அழுத்து. கார்டு வீட்டில் பீரோவில் இருக்கும், இவர் என் கடையில் நிற்பார். அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இரண்டாவது தடவையும் பணம் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கார்டை நிறுத்துவதுதான் அந்தக் குரல் சொல்லும் முதல் தெரிவாக இருக்க வேண்டும். பதிவு செய்த போனிலிருந்து அழைத்தால் எண் எதுவும் கேட்காமலே கார்டு நிற்க வேண்டும். தவறுதலாக நிறுத்திவிட்டால் பிறகு திறந்துகொள்ளலாம், போன பணம் அப்படித் திரும்பாது.

கிளைக்குப் போனால் கிடைக்கும் பதில் இன்னும் கசப்பானது. "ஓடிபி சரியாகப் போட்டிருக்கு, நீங்க செஞ்சதுதான், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது." அந்தச் சேலைப் பெண்ணுக்கும் இதுதான் பதில், அதுவும் வாய்மொழியாக. எழுத்தில் தரவில்லை, புகார் எண்ணும் தரவில்லை. வாடிக்கையாளரே கார்டு விவரத்தைப் பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஆகும் நட்டம் அவருடையது என்று அதே சுற்றறிக்கை சொல்வது எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லிப் புகாரையே வாங்காமல் அனுப்புவதற்கு எந்த விதியும் இடம் தரவில்லை. தெரிவித்த பிறகு நடக்கும் நட்டம் வங்கியுடையது என்பதால், அவர் எத்தனை மணிக்குத் தெரிவித்தார் என்ற பதிவு மிக முக்கியம். அந்த எண்ணைத் தராமல் அனுப்பிவிட்டால் அவரிடம் ஆதாரமே இருக்காது.

இதை ஒரு ஊழியரின் குறையாகச் சொல்லவில்லை. கவுன்ட்டரில் ஒரே ஆள், வரிசை வாசல்வரை நிற்கும். அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்காத விஷயம் ஒன்று இருக்கிறது: விசா, மாஸ்டர்கார்டு, ரூபே என்று எந்தக் கார்டாக இருந்தாலும், பொருள் வரவில்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்று வங்கி வழியாக எதிர்ப்புத் தெரிவித்து, கடைக்குப் போன பணத்தைத் திரும்பக் கேட்கும் முறை உண்டு. அதற்குக் கெடுவும் உண்டு. என் வாடிக்கையாளர்களிடம் எந்தக் கிளையும் தானாக இதைச் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. ஒரு பக்கத்தில் தமிழில் படிவம் ஒன்று அச்சிட்டு ஒவ்வொரு கிளையிலும் வையுங்கள். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, எவ்வளவு, எந்தக் கடைப் பெயரில் போனது, சைபர் குற்ற உதவி எண் 1930-இல் பதிவு செய்தாயிற்றா என்று கேட்கட்டும். கீழே புகார் எண்ணும் நேரமும் கிழித்துக் கொடுக்கும்படி இருக்கட்டும்.

1930 பற்றியும் ஒரு வார்த்தை. சைபர் குற்றங்களுக்கான இந்த உதவி எண்ணை உடனே அழைத்தால், போன பணம் மோசடிக்காரர் கணக்கிலிருந்து வெளியேறும் முன் முடக்க வாய்ப்பு உண்டு. நேரம் போகப் போக அந்த வாய்ப்பு குறையும். ஆனால் பலர் முதல் நாள் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்வதில்லை. வீட்டுக்காரர் திட்டுவார் என்று பயம். மறுநாள் கிளைக்குப் போவார்கள், அங்கே "போலீஸுக்குப் போங்க" என்பார்கள், அதற்குள் பணம் நான்கைந்து கணக்கு மாறியிருக்கும். பணம் கழிந்ததைச் சொல்லும் எஸ்எம்எஸ்-இன் கடைசியில் "நீங்கள் செய்யவில்லையா? 1930" என்று சேர்க்க எத்தனை எழுத்து ஆகப்போகிறது?

முன்கூட்டியே தடுக்கும் வசதிகள் உங்களிடம் இருக்கின்றன. அவை மக்களிடம் வந்து சேரவில்லை. ரிசர்வ் வங்கியின் 2020 ஜனவரி உத்தரவுப்படி புதிய கார்டு வரும்போது உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டும்தான் வேலை செய்ய வேண்டும். ஆன்லைன், வெளிநாட்டுப் பயன்பாடு எல்லாம் வாடிக்கையாளர் கேட்டால்தான் திறக்க வேண்டும். திறக்கவும் மூடவும், உச்சவரம்பு வைக்கவும் ஆப், ஏடிஎம், போன் என்று பல வழியில் இருபத்து நான்கு மணி நேரமும் வசதி தர வேண்டும். நல்ல உத்தரவு. ஆனால் மக்கள் ஆன்லைனைத் திறக்கும்போது பெரும்பாலும் என்ன நடக்கிறது? ஒரு பொத்தானைத் தட்டியதும் பெரிய வரம்போடு திறந்துகொள்கிறது. "உங்களுக்கு எவ்வளவு போதும்?" என்று அங்கேயே கேட்கலாமே? மாதம் ஓரிரு முறை ஆயிரம், இரண்டாயிரத்துக்கு வாங்குகிறவருக்கு ஒரு நாள் வரம்பு 2,000 ரூபாய் போதும். அந்தச் சேலைப் பெண்ணுக்கு அப்படி வைத்திருந்தால் அந்த 18,900 ரூபாய் போயிருக்காது.

வெளிநாட்டுப் பயன்பாட்டை மூடி வைப்பதும் அதேபோலத்தான். இந்தியத் தளங்களில் கார்டுக்கு ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு 2009 முதலே கட்டாயம். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் எண்ணும் காலாவதி மாதமும் சிவிவியும் இருந்தாலே பணம் போய்விடும், ஓடிபி கேட்காது. எந்த நாட்டிலிருந்தும் எதுவும் வாங்காத ஒருவருக்கு அது எதற்குத் திறந்திருக்க வேண்டும்? பாஸ்புக் பதிய வருகிறவர்களிடம் ஒரு நிமிடம் கேட்டு, திறந்திருந்தால் மூடிக்கொடுக்கச் சொல்லுங்கள்.

நிதிக் கல்வி முகாம்களில் என்ன பேசுவது என்பதும் மாற வேண்டும். அந்த மேடைகளில் சொல்ல வேண்டியது என்று நான் நினைப்பதைக் கடைக்கு வருகிறவர்களிடம் நானே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஓடிபி இடும் முன் செய்தியை முழுதாகத் திற, தொகையைப் பார், கடைப் பெயரைப் பார், இரண்டில் ஒன்று பொருந்தாவிட்டாலும் பக்கத்தை மூடு. சம்பளம் வரும் கணக்கின் கார்டை ஆன்லைனில் பயன்படுத்தாதே. வேறொரு கணக்கில் வாங்கும் அளவுக்கு மட்டும் பணம் போட்டு அந்தக் கார்டில் வாங்கு. விளம்பரத்தில் வந்த, பெயரே கேள்விப்படாத கடையில் முன்பணம் கட்டாதே. பக்கத்தின் ஓரத்தில் பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள், மோசடிப் பக்கத்திலும் அந்தப் பூட்டு இருக்கும். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி ஆன்லைன் கடை தன் சட்டப் பெயர், முகவரி, குறைதீர்ப்பு அதிகாரியின் பெயர் எல்லாவற்றையும் தளத்தில் காட்ட வேண்டும். அவை இல்லையென்றால் வெளியே வந்துவிடு.

இன்னொரு வலையும் இருக்கிறது. பார்சல் வரவில்லை என்று கூரியர் நிறுவனத்தின் எண்ணைத் தேடல் பக்கத்தில் தேடுகிறார்கள். முதலில் வருவது மோசடிக்காரர் போட்டு வைத்த எண்ணாக இருக்கிறது. "முகவரியைச் சரி செய்ய ஐந்து ரூபாய் கட்டுங்க" என்று ஒரு லிங்க்கையோ நிறுவச் சொல்லி ஒரு ஆப்பையோ அனுப்புகிறார்கள். நிறுவியதும் போனுக்கு வரும் எஸ்எம்எஸ் எல்லாம் அந்தப் பக்கம் போய்விடும். அங்கே ஓடிபி-யைச் சொல்லவே வேண்டாம், கேட்கவும் மாட்டார்கள். ஆர்டர் போட்ட ஆப்பின் உள்ளே இருக்கும் உதவிப் பகுதியைத் தவிர வேறெங்கும் எண் தேடக்கூடாது என்பதை உங்கள் முகாமில் யாராவது சொல்லட்டும்.

நல்ல ஏற்பாடுகள் வந்திருக்கின்றன, அவற்றையும் சொல்லத்தான் வேண்டும். 2022 அக்டோபர் முதல் கடைகள் நம் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக்கூடாது, அதற்குப் பதில் டோக்கன் எனும் மாற்று எண்தான். வங்கிகளின் தளங்கள் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாறியிருக்கின்றன. சேவைக்காக நீங்கள் அழைக்கும் எண் 1600 என்று தொடங்கும். ஆனால் இந்த மூன்றையும் என் கடையில் யாரிடம் கேட்டாலும் தெரியாது என்கிறார்கள். போலித் தளத்தையும் போலி அழைப்பையும் கண்டுபிடிக்க இதைவிட எளிய அடையாளம் வேறில்லை. பாஸ்புக்கின் உள்அட்டையில் தமிழில் நான்கு வரி அச்சிட்டால் வீட்டில் இருக்கிற எல்லோரும் படிப்பார்கள்.

உங்கள் குழு காலாண்டுக்கு ஒருமுறை கூடுகிறது. கடன் இலக்கும் கடன்-வைப்பு விகிதமும் பேசும் அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதையும் ஒரு பொருளாகச் சேருங்கள். எல்லா வங்கியும் ஒரே நாளில் மாற வேண்டும் என்று கேட்கவில்லை. இரண்டு வங்கி, ஒரு மாவட்டம் என்று தொடங்கினாலும் போதும். எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தை எடுத்துக்கொண்டால், புதிய செய்தியை மக்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல நானும் என்னைப் போன்ற கடைக்காரர்களும் தயார்.

எதுவும் புதிதாக எழுத நேரமில்லை என்றால், என் கடைக்கு வந்த பெண்களிடம் படிக்கச் சொல்லி, புரியவில்லை என்ற சொற்களை மாற்றி எழுதிய வாசகம் இது. இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"ரூ.18,900 உங்கள் கார்டிலிருந்து போகும். வாங்கும் இடம்: (கடைப் பெயர்). தொகை தவறா? எண்ணை எங்கும் இடாதீர்கள், 1930-ஐ அழையுங்கள். ஓடிபி: (எண்)"

இப்படிக்கு,
பிரவுசிங் கடை நடத்தும் ஒரு வங்கி வாடிக்கையாளர்,
கோவில்பட்டி.